பிரெக்சிட் பேச்சுவார்த்தை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதென்று பிரிட்டன் மக்கள் 2016-இல் வாக்களித்தார்கள். பிரெக்சிட் எனப்படும் அந்த விலகலின் விதிமுறைகளைப் பேசி முடிக்க நான்கரை ஆண்டுகள் ஆயின. இடையில் இரண்டு பொதுத்தேர்தல்கள் நடந்தன, இரண்டு பிரதமர்கள் பதவி விலகினார்கள். அந்தப் பேச்சுவார்த்தை எப்படி நடந்தது, எங்கே சிக்கியது, எப்படி முடிந்தது என்பது பற்றி மீண்டும் மீண்டும் எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

பிரிட்டன் எப்போது சேர்ந்தது, எப்போது விலகியது?

அன்று ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் என்று அழைக்கப்பட்ட அமைப்பில் பிரிட்டன் 1973 ஜனவரி 1 அன்று சேர்ந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1975-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் 67 சதவீதம் பேர் அதில் நீடிக்கலாம் என்றார்கள். 2016 ஜூன் 23 அன்று நடந்த அடுத்த வாக்கெடுப்பில் 51.9 சதவீதம் பேர் விலக வேண்டும் என்றும் 48.1 சதவீதம் பேர் நீடிக்க வேண்டும் என்றும் வாக்களித்தார்கள். இங்கிலாந்தும் வேல்ஸும் விலகும் பக்கம் நின்றன. ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் நீடிப்பவர்களே பெரும்பான்மை. சட்டப்படியான விலகல் 2020 ஜனவரி 31 அன்று லண்டன் நேரம் இரவு 11 மணிக்கு நிகழ்ந்தது; ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸில் அப்போது நள்ளிரவு. அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை மாறுகாலம் என்ற பெயரில் பழைய விதிகளே நடைமுறையில் இருந்தன.

மக்கள் தீர்ப்பு வந்த பிறகும் ஏன் இத்தனை ஆண்டுகள்?

வாக்குச் சீட்டில் இருந்தது ஒரே கேள்வி: நீடிப்பதா, விலகுவதா? எந்த அளவுக்கு விலகுவது என்று மக்களிடம் கேட்கப்படவில்லை. ஒன்றியத்துக்கு வெளியே வாழ்வதற்குப் பல வழிகள் உண்டு. நார்வே உறுப்பு நாடு அல்ல. ஆயினும் பொருள்களும் சேவைகளும் தடையின்றிப் புழங்கும் ஒன்றியத்தின் ஒற்றைச் சந்தைக்குள் இருக்கிறது, அதற்கு ஈடாக மக்கள் தடையின்றி வந்து குடியேறுவதை ஏற்கிறது, பணமும் கட்டுகிறது. துருக்கி, உள்ளே வரி இல்லாமல் வெளியிலிருந்து வரும் பொருளுக்கு எல்லோரும் ஒரே வரி விதிக்கும் சுங்க ஒன்றிய ஏற்பாட்டில் இருக்கிறது. அதனால் தொழிற்பொருள்களுக்கான இறக்குமதி வரியைத் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள அதற்கு இயலாது. கனடா இரண்டிலும் இல்லை. வணிக ஒப்பந்தம் மட்டும் செய்துகொண்டிருக்கிறது. இவற்றுள் எதைக் கேட்டாலும் அதற்குரிய கடமையும் சேர்ந்தே வரும் என்பதைக் காட்ட, ஒன்றியத்தின் தலைமைப் பேச்சாளர் மிஷேல் பார்னியே 2017 டிசம்பரில் ஒரு படிக்கட்டுப் படம் வரைந்து காட்டினார். பிரிட்டன் விதிக்கும் ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு படி இறங்க, கடைசியில் கனடாவின் படியில் வந்து நிற்க வேண்டியிருந்தது.

எந்தப் படி வேண்டும் என்பதை பிரிட்டன் தனக்குள் பேசி முடிவு செய்யாமலேயே எதிர்த்தரப்புடன் பேச உட்கார்ந்தது என்பதுதான் இந்த வரலாற்றின் மூலக்குறை என்று நான் கருதுகிறேன். பின்னால் வரும் பதில்களில் பல இந்த ஒன்றிலேயே போய் நிற்கும்.

பிரிவு 50 என்று எல்லோரும் சொல்வது என்ன?

2009 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் உடன்படிக்கையினால் ஐரோப்பிய ஒன்றிய உடன்படிக்கையில் சேர்ந்த பிரிவு அது. விலக விரும்பும் நாடு முறைப்படி அறிவிக்க வேண்டும். அறிவித்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் விலகல் ஒப்பந்தம் உருவாக வேண்டும். உருவாகாவிட்டால் ஒப்பந்தம் எதுவும் இல்லாமலேயே உறுப்புரிமை முடிந்துபோகும். காலத்தை நீட்டிக்க மற்ற எல்லா உறுப்பு நாடுகளும் ஒருமனதாக இசைய வேண்டும். விலகல் ஒப்பந்தத்தை ஏற்க அத்தகைய ஒருமனம் தேவையில்லை. மக்கள்தொகையையும் நாடுகளின் எண்ணிக்கையையும் கணக்கில் கொண்ட சிறப்புப் பெரும்பான்மையும் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் ஒப்புதலும் போதும்.

இந்த அமைப்பைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அறிவிப்புக் கடிதத்தை எப்போது கொடுப்பது என்பது விலகும் நாட்டின் கையில் இருக்கிறது. கொடுத்த மறுகணமே காலம் எதிர்த்தரப்பின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. ஏனெனில் ஒப்பந்தமில்லாமல் காலம் முடிந்தால் ஒரு நாடு தன் ஏற்றுமதியில் ஏறத்தாழ பாதியை வாங்கும் சந்தையை ஒரே இரவில் இழக்கிறது, எஞ்சிய 27 நாடுகளோ அந்த இழப்பைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. அப்போதைய பிரதமர் தெரசா மேயின் அரசு 2017 மார்ச் 29 அன்று அந்தக் கடிதத்தைக் கொடுத்தது. தூதர் டிம் பேரோ அதை நேரில் கொண்டுபோய் ஐரோப்பிய மன்றத் தலைவர் டொனால்ட் டஸ்கிடம் ஒப்படைத்தார். மூன்று வாரங்களுக்குள் பிரதமர் திடீர்த் தேர்தலை அறிவித்தார். ஜூன் 8 அன்று தன் பெரும்பான்மையை இழந்தார். இரண்டு ஆண்டுக் கெடுவில் முதல் மூன்று மாதங்கள் இப்படிக் கழிந்தன. பேச்சுவார்த்தை தொடங்கியது ஜூன் 19 அன்றுதான்.

நாடாளுமன்றத்தைக் கேட்காமல் அரசே அறிவித்திருக்க முடியாதா?

அரசு அப்படித்தான் எண்ணியது. ஜினா மில்லர் என்பவர் தொடுத்த வழக்கில், பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரி 24 அன்று 8-க்கு 3 என்ற பெரும்பான்மையில், நாடாளுமன்றச் சட்டம் இல்லாமல் அறிவிக்க இயலாது என்று தீர்ப்பளித்தது. உறுப்புரிமையால் மக்களுக்குக் கிடைத்த உரிமைகள் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் வழியே வந்தவை. அவற்றைப் பறிக்கவும் நாடாளுமன்றமே வேண்டும் என்பது அதன் சாரம். அதன்பின் சட்டம் விரைவாகவே நிறைவேறியது.

ஒன்றியத் தரப்பில் யார் பேசினார்கள்? பிரிட்டன் தரப்பில் யார்?

ஒன்றியத் தரப்பில் தொடக்கம் முதல் 2020 இறுதியில் வணிக உடன்பாடு முடியும் வரை மிஷேல் பார்னியே ஒருவரே தலைமை தாங்கினார். அவருக்கு 27 நாடுகளும் எழுத்து வடிவில் வழிகாட்டு நெறிகளைக் கொடுத்திருந்தன. அவையும் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிடப்பட்டன. பிரிட்டன் தரப்பில் டேவிட் டேவிஸ், டொமினிக் ராப், ஸ்டீபன் பார்க்லே என்று அமைச்சர்கள் மாறினார்கள். பிறகு டேவிட் ஃப்ராஸ்ட் வந்தார். டேவிஸும் ராப்பும் தங்கள் அரசின் நிலைப்பாட்டை ஏற்க இயலாமலேயே பதவி விலகியவர்கள். ஒரு தரப்பு தன் எழுத்தைக் காட்டிப் பேச, மறுதரப்பு தன் அமைச்சரவை அடுத்த வாரம் என்ன சொல்லும் என்று தெரியாமல் பேசியது.

வணிகத்தைப் பேசாமல் முதலில் ஏன் பிரிவினைக் கணக்கைப் பேசினார்கள்?

ஒன்றியம் அப்படி வரிசைப்படுத்தியது. ஒருவர் நாட்டில் மற்றவர் குடிமக்கள் வாழும் உரிமை, பிரிட்டன் ஏற்ற பணப் பொறுப்புகள், அயர்லாந்து எல்லை ஆகிய மூன்றிலும் போதிய முன்னேற்றம் கண்ட பிறகே எதிர்கால உறவைப் பேசலாம் என்றது. டேவிட் டேவிஸ் இந்த வரிசையை எதிர்த்து அந்தக் கோடை முழுவதும் போராடப்போவதாகத் தொலைக்காட்சியில் சொல்லியிருந்தார். முதல் நாள் அமர்விலேயே பிரிட்டன் அதற்கு இசைந்தது. பணத்தையும் வணிகத்தையும் ஒருசேரப் பேசியிருந்தால் ஒன்றைக் கொடுத்து மற்றதைப் பெற்றிருக்கலாம் என்பது பலரின் கருத்து. அது முழுவதும் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் உறுப்பு நாடாக இருக்கும்வரை ஒரு நாட்டுடன் வெளிநாட்டு வணிக ஒப்பந்தத்தை முடிக்க ஒன்றியத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

ஏற்கெனவே அங்கே வாழ்ந்த மக்கள் என்ன ஆனார்கள்?

பிரிட்டனில் வாழ்ந்த ஒன்றியக் குடிமக்கள் 30 லட்சத்துக்கும் மேல் என்று அப்போது கணக்கிடப்பட்டது. ஒன்றிய நாடுகளில் வாழ்ந்த பிரிட்டன்காரர்கள் ஏறத்தாழ 10 லட்சம். விலகல் ஒப்பந்தத்தின்படி, மாறுகாலம் முடிவதற்குள் குடியேறியவர்கள் தொடர்ந்து வாழவும் வேலை செய்யவும் உரிமை பெற்றார்கள். பிரிட்டனில் அதற்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வாழ்ந்தவர்களுக்கு நிலையான குடியிருப்புரிமையும், அதற்குக் குறைவாக வாழ்ந்தவர்களுக்குத் தற்காலிக உரிமையும் கிடைத்தன. 2021 ஜூன் 30 என்ற கடைசி நாளுக்குள் வந்த விண்ணப்பங்கள் ஏறத்தாழ 60 லட்சம். கணிப்புக்கும் உண்மைக்கும் இடையிலிருந்த இந்தத் தூரமே, யாருடைய வாழ்வைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை அரசு எவ்வளவு குறைவாக அறிந்திருந்தது என்பதைக் காட்டுகிறது.

அவர்களுள் தமிழர்களும் இருந்தார்கள். இலங்கையிலிருந்து அகதிகளாக ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து, டென்மார்க் போன்ற நாடுகளுக்குப் போய், அங்கே குடியுரிமை பெற்று, பின்னர் ஒன்றியக் குடிமக்கள் என்ற உரிமையில் பிரிட்டனுக்கு இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல உண்டு. பிள்ளைகளின் ஆங்கிலக் கல்விக்காகவும் உறவினர்களுக்கு அருகில் இருப்பதற்காகவும் வந்தவர்கள் அவர்கள். ஏற்கெனவே ஒருமுறை ஊரையும் இன்னொரு முறை நாட்டையும் விட்டு வந்தவர்கள், மூன்றாம் முறையாகத் தாங்கள் இங்கே இருக்கலாமா என்று ஓர் அரசிடம் விண்ணப்பித்துக் காத்திருந்தார்கள்.

இந்த மக்களின் உரிமையை வாக்கெடுப்பு முடிந்த மறுநாளே பிரிட்டன் தானாக முன்வந்து உறுதி செய்திருக்க வேண்டும். எதிர்த்தரப்பும் உறுதி தரட்டும் என்று காத்திருந்ததால், வீடு வாங்கியவர்களும் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தவர்களும் மாதக்கணக்கில் பேரப்பொருளாக நிறுத்தப்பட்டார்கள். இதைவிடக் குறைந்த செலவில் நல்லெண்ணத்தைப் பெறும் வாய்ப்பு அந்த அரசுக்குப் பிறகு அமையவே இல்லை.

விலகுவதற்கு எதற்காகப் பணம் கட்ட வேண்டும்?

அது அபராதம் அல்ல. 2014 முதல் 2020 வரையிலான வரவு செலவுத் திட்டத்தில் பிரிட்டன் ஏற்றுக்கொண்ட பங்கு, முன்பே ஒப்புக்கொண்டு இன்னும் பணம் வழங்கப்படாத திட்டங்கள், ஒன்றிய ஊழியர்களின் ஓய்வூதியம் ஆகியவற்றில் அதன் பங்கே அந்தத் தொகை. எவ்வளவு என்று ஒரு தொகையை எழுதாமல், எப்படிக் கணக்கிடுவது என்ற முறையைத்தான் ஒப்பந்தத்தில் எழுதினார்கள். பிரிட்டன் நிதித்துறையின் முதல் மதிப்பீடு 3,500 முதல் 3,900 கோடி பவுண்டு வரை.

அயர்லாந்து எல்லை ஏன் இவ்வளவு பெரிய சிக்கலானது?

வட அயர்லாந்து பிரிட்டனின் பகுதி. அயர்லாந்துக் குடியரசு ஒன்றியத்தின் உறுப்பு நாடு. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளத்துக்கு நில எல்லை உண்டு. அதை 200-க்கும் மேற்பட்ட சாலைகள் கடக்கின்றன. வயல்களுக்கு நடுவிலும் எல்லை போகிறது. வடக்கே கறக்கும் பாலில் கணிசமான பங்கு தெற்கே உள்ள ஆலைகளுக்குப் போகிறது. காலையில் ஒரு நாட்டில் விழித்து மறுநாட்டில் வேலை பார்த்து மாலையில் திரும்புவது அங்கே அன்றாட நடப்பு.

வட அயர்லாந்து பிரிட்டனோடு இருப்பதா அயர்லாந்தோடு சேர்வதா என்ற பூசலால் முப்பது ஆண்டுகள் நீடித்த வன்முறையில் அந்தச் சிறிய நிலப்பரப்பில் சுமார் 3,500 பேர் உயிரிழந்தார்கள். எல்லையில் இருந்த இராணுவக் காவல் கோபுரங்களும் சாவடிகளும் தாக்குதலுக்கு இலக்காயின. சுங்கச் சாவடிகள் 1993-இல் ஒற்றைச் சந்தை வந்தபோது தேவையற்றுப் போயின. இராணுவச் சாவடிகள் 1998 ஏப்ரல் 10 அன்று கையெழுத்தான புனித வெள்ளி அமைதி உடன்பாட்டுக்குப் பின் படிப்படியாக அகற்றப்பட்டன. எல்லை கண்ணில் படாமல் போனதுதான் அமைதியின் அடையாளம். தங்களை ஐரிஷ்காரர் என்று கருதுபவருக்கு அது ஒரே தீவு. பிரிட்டன்காரர் என்று கருதுபவருக்கு அவருடைய நாடு அப்படியே இருந்தது. இருவரும் தங்கள் அடையாளத்தை விட்டுக்கொடுக்காமல் வாழ இரு நாடுகளும் ஒரே சந்தையில் இருந்தது பெரிதும் உதவியது.

பிரிட்டன் சந்தையிலிருந்தும் சுங்க ஒன்றியத்திலிருந்தும் விலகினால், இரு வேறு வரி விதிகளும் இரு வேறு உணவுத் தர விதிகளும் எங்கோ ஓரிடத்தில் சந்தித்தே ஆக வேண்டும். அந்த இடத்தில் சோதனை தேவைப்படும். நார்வே ஒற்றைச் சந்தையில் இருந்தும்கூட, சுங்க ஒன்றியத்தில் இல்லாததால் ஸ்வீடனுடனான அதன் எல்லையில் சுங்க நிலையங்கள் இயங்குகின்றன. பிரிட்டன் அரசோ மூன்று வாக்குறுதிகளை ஒரே நேரத்தில் கொடுத்திருந்தது: சந்தையையும் சுங்க ஒன்றியத்தையும் விட்டு விலகுவோம்; அயர்லாந்துத் தீவில் சாவடிகள் வராது; வட அயர்லாந்துக்கும் பிரிட்டனின் மற்ற பகுதிகளுக்கும் இடையிலும் சோதனை வராது. இவற்றுள் எந்த இரண்டையும் காப்பாற்றலாம். மூன்றையும் காப்பாற்ற இயலாது. இதைத் தொடக்கத்திலேயே மக்களிடம் வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் மூன்று ஆண்டுக் கசப்பு பெருமளவு தவிர்க்கப்பட்டிருக்கும்.

தெரசா மே தேர்ந்தெடுத்த வழி பேக்ஸ்டாப் என்று அழைக்கப்பட்டது. வேறு தீர்வு கிடைக்கும்வரை பிரிட்டன் முழுவதும் ஒன்றியத்துடன் ஒரே சுங்கப் பரப்பில் இருக்கும், வட அயர்லாந்து மட்டும் பொருள்களுக்கான சந்தை விதிகள் சிலவற்றையும் கூடுதலாகப் பின்பற்றும் என்பது அதன் உள்ளடக்கம். அதிலிருந்து பிரிட்டன் தன்னிச்சையாக வெளியேற இயலாது.

தெரசா மேயின் விலகல் ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் ஏன் மூன்று முறை நிராகரித்தது?

2019 ஜனவரி 15 அன்று 202-க்கு எதிராக 432 வாக்குகளில் அது தோற்றது. பிரிட்டனின் நவீன வரலாற்றில் எந்த அரசும் இவ்வளவு பெரிய தோல்வியைக் கண்டதில்லை. மார்ச் 12 அன்று 242-க்கு 391, மார்ச் 29 அன்று 286-க்கு 344. எதிர்த்தவர்கள் ஒரே காரணத்துக்காக எதிர்க்கவில்லை. முழுமையாக விலக வேண்டும் என்ற ஆளுங்கட்சியினருக்கு பேக்ஸ்டாப் முடிவில்லாத தளையாகப் பட்டது. அரசுக்கு வெளியிலிருந்து ஆதரவு தந்த, வட அயர்லாந்து பிரிட்டனோடு இணைந்தே இருக்க வேண்டும் என்னும் யூனியனிஸ்டுகளின் ஜனநாயக யூனியனிஸ்ட் கட்சியின் பத்து உறுப்பினர்கள், தங்கள் மண்ணுக்குத் தனி விதியா என்று எதிர்த்தார்கள். எதிர்க்கட்சியினரில் பலர் நெருக்கமான உறவை விரும்பினார்கள், சிலர் மறுவாக்கெடுப்பை. மாற்று வழிகளை நாடாளுமன்றமே வாக்கெடுப்புக்கு விட்டபோது ஒன்றுக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. நிரந்தரச் சுங்க ஒன்றியம் என்ற யோசனை வெறும் மூன்று வாக்குகளில் தோற்றது. மார்ச் 29 என்ற விலகல் நாள் ஏப்ரல் 12-க்கும், பிறகு அக்டோபர் 31-க்கும், கடைசியில் 2020 ஜனவரி 31-க்கும் தள்ளிப்போனது.

போரிஸ் ஜான்சன் எதை மாற்றினார்?

தெரசா மே பதவி விலகியபின் 2019 ஜூலையில் ஜான்சன் பிரதமரானார். ஒப்பந்தத்தின் பெரும்பாலான பக்கங்கள் அப்படியே இருந்தன. அயர்லாந்து பற்றிய பகுதி மாறியது. மூன்று வாக்குறுதிகளில் கடைசியானதை அவர் கைவிட்டார்: வட அயர்லாந்து சட்டத்தில் பிரிட்டனின் சுங்கப் பரப்பிலேயே இருக்கும், நடைமுறையில் பொருள்களுக்கு ஒன்றியத்தின் விதிகளைப் பின்பற்றும், சோதனைகள் அயர்லாந்துக் கடலைக் கடக்கும் துறைமுகங்களில் நடக்கும். 2019 அக்டோபர் 17 அன்று உடன்பாடு எட்டப்பட்டது. டிசம்பர் 12 தேர்தலில் 365 இடங்களைப் பெற்ற அவருடைய கட்சி அதை நிறைவேற்றியது. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2020 ஜனவரி 29 அன்று 621-க்கு 49 என்ற வாக்குகளில் ஒப்புதல் தந்தது.

கடலில் எல்லை போட்டதை வட அயர்லாந்தின் யூனியனிஸ்டுகள் ஏற்கவில்லை. ஜனநாயக யூனியனிஸ்ட் கட்சி 2022 பிப்ரவரி முதல் இரண்டு ஆண்டுகள் அங்குள்ள அரசை இயங்கவிடாமல் விலகி நின்றது. 2023 பிப்ரவரியில் அப்போதைய பிரதமர் ரிஷி சுனக்கும் ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா ஃபான் டெர் லையனும் செய்துகொண்ட வின்ட்சர் உடன்பாடு, வட அயர்லாந்திலேயே தங்கும் சரக்குகளுக்குப் பச்சை வழியும், தெற்கே போகக்கூடிய சரக்குகளுக்குச் சிவப்பு வழியும் வகுத்துச் சோதனையைக் குறைத்தது.

ஒப்பந்தமே இல்லாமல் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்?

உலக வணிக அமைப்பின் பொது விதிகளின்படி இரு பக்கமும் வரி விதித்திருக்கும். டோவர் துறைமுகத்தில் லாரிகள் தேங்கும், சில மருந்துகளுக்கும் புதிய காய்கறிகளுக்கும் தட்டுப்பாடு வரும் என்று அரசின் உள் ஆவணமே கணித்திருந்தது. நாடாளுமன்றத்தின் வற்புறுத்தலால் அது 2019 செப்டம்பரில் வெளியானது. பலவீனமான பக்கத்துக்கு அதிகம் வலிக்கும் மிரட்டலை அந்தப் பக்கமே விடுப்பது எதிர்த்தரப்பை எவ்வளவு அசைக்கும் என்பதில் எனக்கு எப்போதும் ஐயம் உண்டு.

கடைசியில் கிடைத்த வணிக உடன்பாடு எப்படிப்பட்டது?

2020 டிசம்பர் 24 அன்று முடிவானது. ஒரு வாரத்தில் நடைமுறைக்கு வந்தது. எங்கே உருவானது என்பதைத் தீர்மானிக்கும் பிறப்பிட விதிகளை நிறைவு செய்யும் பொருள்களுக்கு வரியும் இல்லை, அளவுக் கட்டுப்பாடும் இல்லை. ஆனால் சுங்கப் படிவங்களும் உணவுச் சான்றிதழ்களும் வந்தன. லண்டனின் நிதி நிறுவனங்கள் ஒரே உரிமத்தில் ஐரோப்பா முழுவதும் தொழில் செய்யும் வசதி போயிற்று. பிரிட்டனின் பொருளாதாரத்தில் ஒரு சதவீதத்தின் பத்தில் ஒரு பங்கு அளவே உள்ள மீன்பிடித் தொழில் கடைசி நாள் வரை இழுத்தடித்தது. ஒன்றியப் படகுகள் பிரிட்டன் கடலில் பிடிக்கும் மீனின் மதிப்பில் கால் பங்கை ஐந்தரை ஆண்டுகளில் விட்டுத்தருவதென்று முடிவானது. பிரிட்டன் அரசின் சார்பற்ற நிதிக் கணிப்பு அமைப்பு, நீண்ட காலத்தில் நாட்டின் உற்பத்தித்திறன் 4 சதவீதம் குறையும் என்று கணித்திருக்கிறது.

மறுபக்கத்தில், தனியே வணிகம் பேசும் அதிகாரம் பிரிட்டனுக்குத் திரும்பக் கிடைத்தது. இந்தியாவுடன் 2025 ஜூலை 24 அன்று அது கையெழுத்திட்ட ஒப்பந்தம் அந்த அதிகாரத்தின் விளைவு.

இதற்கு முன் யாராவது இப்படி விலகியிருக்கிறார்களா?

டென்மார்க்கின் பகுதியான கிரீன்லாந்து, தன்னாட்சி பெற்ற பின் 1982-இல் வாக்கெடுப்பு நடத்தி, 1985 பிப்ரவரி 1 அன்று வெளியேறியது. மக்கள்தொகை சுமார் 50 ஆயிரம். பேச வேண்டிய முக்கியப் பொருள் மீன் ஒன்றுதான். அதற்கே ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆயின.

பிரிட்டன் மனம் மாறினால் திரும்பச் சேரலாமா?

விலகல் நாளுக்கு முன்பு, கடிதத்தைத் தானே திரும்பப் பெறும் உரிமை அதற்கு இருந்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2018 டிசம்பர் 10 அன்று அப்படித் தீர்ப்பளித்தது. இப்போது அந்தக் கதவு இல்லை. பிரிவு 49-இன்படி புதிய நாடாக விண்ணப்பித்து, எல்லா உறுப்பு நாடுகளின் சம்மதத்தையும் பெற வேண்டும். ஒன்றியத்துக்குக் கட்டும் பணத்தில் 1984-இல் மார்கரெட் தாட்சர் போராடிப் பெற்ற தள்ளுபடியும், யூரோ நாணயத்தை ஏற்காமல் இருக்கும் விலக்கும் பழைய உறுப்புரிமையோடு முடிந்துபோயின. அவற்றைப் புதிதாகக் கேட்டுத்தான் பெற வேண்டியிருக்கும். 2024-இல் பதவிக்கு வந்த கியர் ஸ்டார்மர் அரசு மீண்டும் சேர்வதில்லை, ஒற்றைச் சந்தைக்கும் சுங்க ஒன்றியத்துக்கும் திரும்புவதுமில்லை என்ற நிலையில் நின்றபடியே, 2025 மே 19 அன்று லண்டனில் ஒன்றியத்துடன் புதிய புரிந்துணர்வுக்கு வந்தது. உணவுப் பொருள் சோதனைகளைக் குறைக்கும் உடன்பாட்டைப் பேசத் தொடங்குவதென்று இரு தரப்பும் அப்போது இசைந்தன; ஒன்றியப் படகுகளின் மீன்பிடி உரிமை 2038 வரை நீட்டிக்கப்பட்டது.